நண்டு மாமாவின் அழகு வேலை

ஒரு காட்டில் ஆறு ஒன்று ஓடியது. காடு யாருக்குச் சொந்தம் என்று புலியும் யானையும் முறைத்துக்கொண்டு திரியட்டும். ஆறு நீர்நாய்களுக்குச் சொந்தம். அதில் யாருக்கும் வழக்கில்லை.

நீர்நாயைப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? பெயரில்தான் நாய். உடம்பு கீரியைப் போல் நீளம். கால்விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு. மூக்குக்கு இரண்டு பக்கமும் விறைத்த மீசை. ஆணுக்கும் மீசை உண்டு, பெண்ணுக்கும் மீசை உண்டு. மீன் தின்னும், தவளை தின்னும். நண்டு என்றால் கொஞ்சம் கூடுதல் ஆசை.

அந்த ஆற்றில் தாழை என்று ஓர் இளம் நீர்நாய் இருந்தாள். அவளுக்கு வஞ்சி என்று ஓர் அக்காள். தாழையைக் கழுத்தில் கவ்வித் தண்ணீரில் போட்டு நீச்சல் பழக்கியவள் வஞ்சிதான். அவள் இப்போது வயிற்றுப் பாரத்தோடு கரைமரத்தின் வேர்ப்பொந்தில் படுத்திருந்தாள்.

நீர்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டி ஈன்றவள், குட்டிகள் கண் திறக்கும்வரை பொந்தை விட்டு வெளியே வரக் கூடாது. அவளுக்கு இரை கொண்டுவருவது உடன்பிறந்தவளின் பொறுப்பு.

"இந்தத் தடவை நானும் என் பிள்ளைங்களும் உன் கையிலதான்" என்றாள் வஞ்சி.

"விரால் விராலாக் கொண்டுவந்து கொட்டுறேன் பாருக்கா. போதும் போதும்னு நீ அலறப் போறே."

அது கோடைக்காலம். ஆறு தெளிந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல்வரை தெரிந்தது. ஒருநாள் தாழை கரையோரப் பாறையருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாறை இடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு அது? வஞ்சியோட தங்கச்சியா?"

அங்கே ஒரு கிழட்டு நண்டு குடியிருந்தது. அதன் கொடுக்குகள் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. இடுக்கோ ஒரு நீர்நாயின் மூக்குகூட நுழையாத இடுக்கு.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல தாயி. போ, போ. நான் ஏதாவது சொல்லி, உன் மனசு நோகப் போகுது."

இப்படிச் சொன்னால் யார்தான் போவார்கள்? தாழை நின்றாள்.

"என்னன்னு சொல்லு."

"கண்ணு அழகு. மூக்கு அழகு. பல்லைப் பத்திச் சொல்லவே வேண்டாம், அது எங்க குடும்பத்துக்கே தெரியும்." நண்டு பெருமூச்சு விட்டது. "இத்தனை அழகுக்கும் நடுவுல அந்த மீசை. தாமரைக் குளத்தைச் சுத்தி முள்வேலி போட்ட மாதிரி."

"எங்க எல்லாருக்கும்தான் மீசை இருக்கு."

"அதைத்தானே சொல்றேன். எல்லாரையும் மாதிரி நீயும் இருக்கணுமா?"

தாழை நீந்திப் போய்விட்டாள். ஆனால் அந்தச் சொல் போகவில்லை. முன்பெல்லாம் தண்ணீரைக் குனிந்து பார்த்தால் அவளுக்கு மீன் தெரியும். இப்போது முகம்தான் தெரிந்தது.

சில நாட்கள் கழித்து அவளுடைய தோழி கோரை எதிரே வந்தாள். தாழைக்கு அடையாளமே தெரியவில்லை. கோரையின் முகம் மழமழவென்று இருந்தது.

"என்னடி இது, கூழாங்கல் மாதிரி மின்னுறே!"

"எல்லாம் நண்டு மாமா கைவேலை" என்று கோரை முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். "எறும்பு கடிச்ச மாதிரி வலிக்கும், அவ்வளவுதான். கூலிகூட வேண்டாம்னுடுச்சு. பொம்பளப் பிள்ளைங்க சிரிச்ச முகமா இருந்தா அதுவே போதுமாம். தங்கமான மனசுடி அதுக்கு."

கூலி வாங்காமல் வேலை செய்கிறவனிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கோரை கேட்கவில்லை. தாழையும் கேட்கவில்லை. அன்றே பாறையருகே போய், இடுக்கின் வாயில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நண்டு ஒரு கொடுக்கால் உதட்டைப் பிடித்துக்கொண்டது. மறு கொடுக்கால் ஒவ்வொரு முடியாக வேரோடு பிடுங்கியது.

"ஐயோ மாமா! எறும்பா இது? தேள் மாதிரி இருக்கு!"

"அழகுன்னா சும்மாவா? பொறு தாயி, பொறு. இன்னும் நாலே நாலு."

அந்த நாலு வெகுநேரம் நீண்டது.

முகமெல்லாம் ரத்தப் புள்ளிகளோடு தாழை பொந்துக்குத் திரும்பினாள். அக்காள் திட்டுவாள் என்று நினைத்தாள். வஞ்சி அவளை அருகே இழுத்து, அந்தப் புள்ளிகளை மெல்ல நக்கிவிட்டாள்.

"ரொம்ப வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"சொல்லியிருந்தா நானும் கூட வந்து உக்காந்திருப்பேனே. ஒத்தையில போய் அழுதுட்டு வந்திருக்கே."

"அக்கா, இப்ப நான் நல்லா இருக்கேனா?"

"நீ எப்ப நல்லா இல்லாம இருந்தே?" என்றாள் வஞ்சி.

தாழைக்கு அந்தப் பதில் போதவில்லை. அந்த வயதில் அது யாருக்கும் போதாது.

கோடை முடிவதற்குள் ஆற்றின் இளம்பெண்களில் மீசை உள்ளவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. பாறையருகே காலையிலிருந்தே கூட்டம். இன்னும் பறித்துக்கொள்ளாத ஒன்றிரண்டு பேர் நாணலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார்கள். நண்டும் சும்மா இருக்கவில்லை. வந்தவளை வெறுமனே அனுப்பாது.

"மீசை முடிஞ்சுது. அடுத்து அந்தக் கால் சவ்வைப் பாரு. சீச்சீ, தவளைக்கு இருக்கிற மாதிரி! மழை வரட்டும், தண்ணியில ஊறி மெதுவாகும். நறுக்கி விட்டுடறேன். விரல் அஞ்சும் தனித்தனியா, பூ விரிஞ்ச மாதிரி இருக்கும்."

"நிஜமாவா மாமா?"

"மாமா என்னைக்குப் பொய் சொன்னேன்?"

மீசை போனதால் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணுக்கு முன்னால் ஓடியது. பார்த்தார்கள், பிடித்தார்கள், தின்றார்கள்.

பிறகு மலையில் மழை பிடித்தது. ஆற்றில் புதுவெள்ளம் வந்தது. செம்மண் கரைந்த தண்ணீர், நீட்டிய காலைத் தானே பார்க்க முடியாத கலங்கல். அந்த வெள்ளம் வந்த அன்றுதான் வஞ்சி மூன்று குட்டிகளை ஈன்றாள். அவளுடைய துணைவன் கீழாற்றுக்குப் போனவன், வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான்.

தாழை இரை தேடித் தண்ணீரில் பாய்ந்தாள். கண்ணைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. மூடினாள். அதே இருட்டு.

போன வருஷமும் இதே கலங்கலில்தான் அவள் வேட்டையாடினாள். அப்போது எங்கோ ஒரு மீன் வாலை அசைத்தால், அந்த அசைவு மீசையில் வந்து தட்டும். தலை தானாகத் திரும்பும், வாய் தானாகத் திறக்கும். மீசை எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மூச்சு எதற்கு என்று யாராவது சொல்லித் தருகிறார்களா?

அன்று அவள் கொண்டுபோனது இரண்டு நத்தை. மறுநாள் ஒரு தவளைக் குஞ்சு. அதற்கு மறுநாள் வெறும் வாய்.

"நீ சாப்பிட்டியாடி?" என்று வஞ்சி ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

"நான் அங்கேயே சாப்பிட்டுட்டேன்கா" என்று தாழை ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

குட்டிகள் வற்றிய மடியைச் சப்பிச் சப்பிக் கத்தின. இரண்டு கத்தின. எல்லாவற்றிலும் சின்னது கத்துவதை நிறுத்திவிட்டது. தாழை அதன் முதுகில் மூக்கை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. ஆனால் நூல் மாதிரி இருந்தது.

அவள் மறுபடியும் ஆற்றுக்கு ஓடினாள். அடி ஆழம்வரை போனாள். மண்ணைக் கிளறினாள். அப்போது அவள் மூக்கின்மேல் ஏதோ ஏறியது. எட்டுக் காலால், அவசரமே இல்லாமல், நடந்து மறுபக்கம் இறங்கியது. அவள் வாயைத் திறந்து கவ்வினாள். மண்தான் வந்தது.

"பயப்படாம வாடா" என்று இருட்டில் ஒரு நண்டு இன்னொரு நண்டிடம் சொல்வது கேட்டது. "நம்ம மாமா பறிச்ச மூஞ்சிதான் இது. காதுமேலகூட ஏறி விளையாடலாம்."

நீர்நாயின் வாடை அடித்தாலே வளைக்குள் ஓடி ஒளியும் கூட்டம் அது! தாழைக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. அவளுடைய அழகுக்காகப் பெருமூச்சு விட்டது ஏன், கூலி வேண்டாம் என்றது ஏன், கால் சவ்வையும் நறுக்கக் கேட்டது ஏன் என்று விளங்கியது. தண்ணீருக்குள் அழுதால் கண்ணீர் தெரியாது. ஆனாலும் அழுதாள்.

பொந்துக்கு வந்து அக்காளின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கோரையும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். அவளும் பசியில் இளைத்திருந்தாள்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்" என்றாள் வஞ்சி.

"என்னைத் திட்டுக்கா. நாலு அறை அறைஞ்சுடு."

"திட்டினா மடியில பால் ஊறுமா? அழுது முடி. முடிச்சிட்டியா? இப்பச் சொல்லு, அந்த நண்டு இடுக்கை விட்டு வெளிய வருமா?"

தாழை மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "இதுவரைக்கும் வந்ததில்ல. கொடுக்கு மட்டும்தான் நீட்டும். ஆனா இந்தக் கலங்கல்ல நான் கூப்பிட்டா வரும்கா. எங்களைக் கண்டு இப்ப யாருக்கு பயம்?"

"அப்ப நானும் வர்றேன். வெள்ளத்துல மீனைத் துரத்த எனக்குத் தெம்பில்ல. தானா நடந்து வர்ற இரை ஒண்ணு கிடைச்சா போதும்."

"நீ வெளிய வரக் கூடாதே! வழக்கம்..."

"வழக்கம் குட்டிங்களுக்காக வந்தது. குட்டிங்க போயிட்டா வழக்கத்தையா மடியில போட்டுத் தாலாட்டுறது?"

கோரை சத்தமில்லாமல் உள்ளே வந்து குட்டிகளைச் சுற்றிப் படுத்துக்கொண்டாள். "எங்கிட்ட பால் இல்லக்கா. சூடு இருக்கு. நீங்க வர்றவரைக்கும் ஆற விட மாட்டேன்."

வஞ்சி முன்னால் நீந்தினாள். தாழை அவளுடைய வாலை மெல்லக் கவ்விக்கொண்டு பின்னால் போனாள், சிறு வயதில் போனதுபோல. வெள்ளம் இருவரையும் இழுத்தது. இரண்டு முறை வஞ்சி தளர்ந்து நின்றாள். தாழை பின்னாலிருந்து முட்டித் தள்ளினாள். பாறை வந்ததும், வஞ்சி மூச்சுச் சத்தம்கூட வராமல் இடுக்குக்கு எதிரே பதுங்கினாள்.

"நண்டு மாமா! சவ்வு நறுக்கிக்க வந்திருக்கேன்!"

"வந்துட்டியா தாயி! சொன்ன சொல் தவறாத பிள்ளை. காலை உள்ள நீட்டு."

"தண்ணி இழுக்குது மாமா, நிக்க முடியலை. நீதான் கொஞ்சம் வெளிய வாயேன்."

நண்டு ஒரு கணம் யோசித்தது. ஆனால் தன் வேலையின்மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. இந்த ஆற்றில் இனி தன்னைப் பிடிக்க ஒருத்தி இல்லை என்ற எண்ணத்தோடு, எட்டுக் காலையும் வெளியே எடுத்து வைத்தது.

"எங்க இருக்கே? ஒண்ணும் தெரியலையே. முகத்தைக் காட்டு தாயி, தடவிப் பார்த்து அடையாளம் பிடிக்கிறேன்."

கொடுக்கை நீட்டித் துழாவியது. ஒரு முகம் தட்டுப்பட்டது. முகத்தில் விறைப்பாக ஏதோ குத்தியது.

"இதென்ன தாயி, அதுக்குள்ள இவ்வளவு நீளமா முளைச்சு..."

வஞ்சி பதில் சொல்லவில்லை. அவள் வாய் வேறு வேலையாக இருந்தது.

கரையேறியதும் வஞ்சி ஓட்டை உடைத்தாள். கொழுத்த கால் ஒன்றைத் தங்கையின் பக்கம் தள்ளினாள்.

"நீ முதல்ல."

"பால் கொடுக்கிறவ நீக்கா. நான் சாப்..."

"சாப்பிட்டேன்னு இன்னொரு தடவை சொன்னே, அப்பதான் நிஜமாவே அறைவேன். வாயைத் திற."

தாழை வாயைத் திறந்தாள்.

தெம்பு வந்ததும் வஞ்சி வழியில் இரண்டு கெளுத்தியும் பிடித்தாள். ஒன்று கோரைக்கு. மறுநாளிலிருந்து, மீசை முளைக்கும்வரை இளம்பெண்கள் எல்லாரும் மீசை உள்ள பெண்களின் வாலைக் கவ்விக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. செய்யத்தான் நினைத்தார்கள். ஆனால் வாயில் வால் இருந்தது.

வஞ்சிக்குப் பால் ஊறியது. சின்னக் குட்டி முதலில் சப்ப மறந்துபோய்ச் சும்மா கிடந்தது. தாழை அதன் தாடையை நக்கி நக்கி எழுப்பி, மடியில் வாயை வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு மிடறு இறங்கியது. பிறகு இன்னொன்று. வயிறு உருண்டையாகும்வரை குடித்துவிட்டு, கடைவாயில் பால் வழிய அது அப்படியே தூங்கிப்போனது.

தாழை அதன் தலைமேல் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் உதட்டோரம் அரிசி முனையளவு புது முடிகள் முளைத்திருந்தன. அவை குத்தியதில் குட்டி ஒரு தும்மல் தும்மியது. கண்ணைத் திறக்காமலே அவளுடைய கன்னத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டு தூங்கியது.

நீதி: உன் முகத்தில் குறை கண்டு இரக்கப்படுகிறவனுக்கு, அந்த இரக்கத்தால் என்ன ஆதாயம் என்று முதலில் பார்.