நாலாவது முடிச்சு

நாணற்குளத்துக் காட்டில் ஓர் அத்திமரம் இருந்தது. அதன் அடியில் நாய்களுக்கு ஓர் அடைக்கலம் இருந்தது. யாருக்கும் வேண்டாத நாய்கள் அங்கே வந்து சேரும். அவற்றைப் பார்த்துக்கொண்டவள் மூக்காயி என்ற கழுதை.

காட்டில் யாருக்காவது நாய் வேண்டுமென்றால் மூக்காயியிடம் போய்க் கேட்பார்கள். அவள் நாயின் கழுத்தில் ஒரு காட்டுக்கொடியைக் கட்டி அனுப்புவாள். ஏழு நாள் வைத்துப் பார்க்கலாம். பிடித்திருந்தால் ஏழாம் நாள் கொடியை அறுத்துவிட வேண்டும். அன்றிலிருந்து அது அந்த வீட்டு நாய். பிடிக்கவில்லையென்றால் அதே கொடியோடு திருப்பிக் கொண்டுவந்து விடலாம். அப்போது மூக்காயி கொடியில் ஒரு முடிச்சுப் போடுவாள்.

நாலு முடிச்சு விழுந்த நாய்க்கு அத்திமரத்தடியில் இடமில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அக்கரை முழுக்கச் சிறுத்தைகள். அங்கே போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் அதன்படி ஒழுங்காக நடந்தார்கள். தன் கழுத்தில் விழாத முடிச்சைப் பற்றி யார்தான் கவலைப்படுவார்கள்?

குளத்துக்கு வடக்கே பாறைமேட்டில் ஒரு வெள்ளாட்டுக் கூட்டம் இருந்தது. அதன் தலைவர் தாடியார் என்ற கிழட்டுக் கிடா. காலையில் உயரமான பாறைமேல் ஏறி நின்றுதான் அவர் உத்தரவு போடுவார். முழங்கால் பிடித்துக்கொள்வதால், இரண்டு இளங்கிடாக்கள் பின்னாலிருந்து முட்டி முட்டி அவரை ஏற்றிவிடும். இறக்கிவிடுவதும் அவைதான்.

ஒருநாள் அவர் கூட்டத்திலிருந்த கொம்பி என்ற பெட்டை ஆட்டைக் கூப்பிட்டார். கொம்பி கோபக்காரி. ஒருமுறை ஆத்திரத்தில் பாறையை முட்டியதில் அவளுடைய இடது கொம்பு வளைந்தே போய்விட்டது.

“ஏ கொம்பி! நமக்கும் ஒரு காவல் நாய் வேணும். நீ போ. உன்னை யாரும் ஏமாத்த முடியாது. நல்ல குட்டியாப் பாத்துக் கூட்டிட்டு வா!” என்றார் தாடியார்.

கொம்பி போனாள். அத்திமரத்தடியில் நல்ல கூட்டம். எல்லோரும் குட்டிகளைச் சுற்றி நின்றார்கள். கொஞ்சுகிறவர்கள் கொஞ்சினார்கள், பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். நுழைகிற வழியில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது.

“வழியில என்ன படுக்கை!” என்று சொல்லிக்கொண்டே கொம்பி அதைத் தாண்டிக் குதித்தாள்.

“மன்னிச்சுக்கோ தாயி! குட்டிங்க மரத்துக்குப் பின்னால இருக்கு. அந்த வெள்ளைக்கால் குட்டி நல்ல சுறுசுறுப்பு. அதைக் கேளு!” என்றது நாய்.

கொம்பி நாலடி போய்விட்டு நின்றாள். திரும்பி வந்தாள்.

“நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையே. எதுக்கு வழி சொல்றீங்க?”

“வர்ற எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க தாயி. நானே முந்திச் சொல்லிட்டா, என்னைப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்ற சங்கடம் அவங்களுக்கு இல்ல பாரு.”

அப்போதுதான் கொம்பி அந்த நாயைச் சரியாகப் பார்த்தாள். ஒரு காலத்தில் அதன் வாய் கரிபோலக் கறுத்திருந்ததாம். அதனால் கருவாயன் என்று பெயர். இப்போது வாய் முழுக்க நரை. கழுத்தில் ஒரு கொடி. கொடியில் மூன்று முடிச்சுகள்.

அவள் நேராக மூக்காயியிடம் போனாள்.

“யாரு அக்கா அது?”

“செம்மறிக் கூட்டத்து நாய். பத்து வருஷம் அவங்களுக்குக் காவல் இருந்தான். போன கோடையில அவங்க மேய்ச்சல் மாத்திப் போனாங்க. ‘நீ இங்கயே இரு, வந்துடறோம்’னு சொல்லிட்டுப் போனாங்களாம். மழை வர்ற வரைக்கும் இவன் அதே இடத்துல உக்காந்திருந்தான். நான்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்.”

“அவங்க வரவே இல்லையா?”

“அவங்க எங்க வர்றது!”

“அந்த மூணு முடிச்சு?”

“முதல் முடிச்சு முயல் வீடு. குறட்டை விடறானாம். ரெண்டாவது மயில். நரைச்ச வாய் அவரு தோகைக்குப் பக்கத்துல எடுப்பா இல்லையாம். மூணாவது குரங்குங்க. மரம் ஏறத் தெரியலைன்னு கொண்டாந்து விட்டாங்க.”

“எந்த நாய் அக்கா மரம் ஏறும்?”

“அதைத்தான் நானும் கேட்டேன். குட்டியா இருந்தா பழக்கியிருப்போம்னாங்க!”

கொம்பிக்குக் காது மடல் சுட்டது. முயல் மேல் கோபம், மயில் மேல் கோபம், குரங்குகள் மேல் கோபம். சற்று முன்பு தானும் அந்த நாயைத் தாண்டிக் குதித்தது நினைவுக்கு வந்தது. தன் மேலும் கோபம் வந்தது.

“அவரை என்கூட அனுப்பு!” என்றாள்.

“யோசிச்சுக்கோ கொம்பி. நீ திருப்பிக் கொண்டாந்தா அது நாலாவது முடிச்சு.”

“அனுப்புன்னு சொன்னேன்!”

வழியில் கருவாயன் தன் கொடியின் நுனியைத் தானே வாயில் கவ்விக்கொண்டு நடந்தது.

“அதை ஏன் நீங்களே தூக்கறீங்க அண்ணே?”

“பழகிடுச்சு தாயி. திரும்ப வரும்போதும் நானே வந்துடுவேன். உனக்கு அலைச்சல் இருக்காது.”

பாறைமேட்டில் தாடியார் எட்டிப் பார்த்தார்.

“குட்டி எங்க?”

“இவர்தான்!”

“இதுவா குட்டி? இது குட்டிக்கே தாத்தா ஆச்சே!”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. கொம்பி தரையைக் குளம்பால் கீறினாள்.

“ஏழு நாள் இருக்கு. சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான்!”

அந்த ஏழு நாளும் கருவாயன் பட்டிக்குள் வரவே இல்லை. முள்வேலியின் வாசலில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி படுத்துக்கொண்டது. யார் வந்தாலும் எழுந்து வழிவிட்டது. வைத்த சாப்பாட்டில் பாதியைத்தான் தின்றது. குட்டி ஆடுகள் அதன் முதுகில் ஏறி விளையாடப் பார்த்தன. “அந்தக் கிழட்டு நாய்கிட்ட போகாத!” என்று தாய் ஆடுகள் இழுத்துக்கொண்டன.

மூன்றாம் நாள் நல்ல மழை. கருவாயன் வாசலிலேயே நனைந்துகொண்டு கிடந்தது.

“உள்ள வந்து படுங்களேன் அண்ணே! யாரு உங்களைத் தடுத்தா?” என்று கொம்பி கத்தினாள்.

“உள்ள படுத்துப் பழகிட்டா, அப்புறம் வெளிய போறது கஷ்டமா இருக்கும் தாயி!”

கொம்பிக்குப் பொறுக்கவில்லை. யாரை முட்டுவதென்று தெரியாமல் மறுபடியும் பாறையையே முட்டினாள். வலித்ததுதான் மிச்சம்.

ஏழாம் நாள் காலை. இளங்கிடாக்கள் தாடியாரைப் பாறைமேல் ஏற்றிவிட்டன. கூட்டம் சுற்றி நின்றது. தாடியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பாத்தாச்சு. இந்த நாயால ஓட முடியல. பல்லு பாதி இல்ல. காது மந்தம். தின்னுட்டுச் சும்மா கிடக்கிறவங்களுக்கு நம்ம கூட்டத்துல இடமில்ல. கொம்பி, கொண்டுபோய் விட்டுட்டு வா! அப்படியே அந்த வெள்ளைக்கால் குட்டியைக் கேளு!”

“நாலாவது முடிச்சு ஆச்சே தலைவரே? அக்கரைக்கு இல்ல போகணும்!” என்றது ஒரு பெட்டை ஆடு.

“முடிச்சுப் போடறவ மூக்காயி. நமக்கென்ன வந்தது!”

பெட்டை ஆடும் மற்ற ஆடுகளும் குனிந்து புல்லைப் பார்த்தன.

அதற்குள் கருவாயன் எழுந்துவிட்டது. கொடி நுனியை வாயில் கவ்வப் போனது.

“வர்றேன் தாயி. ஏழு நாள் சோறு போட்டீங்க. குறையா ஒண்ணும் நினைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் பார்த்து ஒருமுறை வாலை ஆட்டியது.

அந்த வாலைப் பார்த்ததும் கொம்பிக்குக் கண் சிவந்துவிட்டது. ஒருவரைச் சாக அனுப்புகிறார்கள், அவர் மரியாதையாக வாலை ஆட்டிவிட்டுப் போகிறார்! ஒரே தாவலில் போய் வழியை மறித்தாள். கருவாயன் கழுத்துக் கொடியைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்ததோடு விடவில்லை. தின்னத் தொடங்கினாள்.

முதல் முடிச்சு வந்தது. “இது முயலுக்கு!” என்று மென்றாள்.

இரண்டாவது முடிச்சு வந்தது. “இது மயிலுக்கு!”

மூன்றாவது வந்தது. “இது குரங்குக்கு!”

நுனி வரை விழுங்கிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

“இன்னிக்கு ஏழாம் நாள். கொடி அறுந்தாச்சு. சட்டப்படி இவரு இந்த வீட்டு நாய்! கொடி இல்லாத நாயை மூக்காயி அக்கா திருப்பி வாங்க மாட்டா. இப்ப என்ன செய்வீங்க?”

தாடியாருக்குத் தாடி நடுங்கியது.

“அப்படின்னா நீயும் சேர்ந்து வெளிய போ!”

“போறேன்! போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கிறேன். ஓட முடியாதவங்களுக்கு இங்க இடமில்ல. பல்லு போனவங்களுக்கு இடமில்ல. சும்மா இருக்கிறவங்களுக்கு இடமில்ல. நீங்கதானே சொன்னீங்க? சரி பெரியவரே, அந்தப் பாறையிலேர்ந்து நீங்களே இறங்கிக் காட்டுங்க!”

தாடியார் கீழே பார்த்தார். இளங்கிடாக்கள் இரண்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவை அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அத்திமரத்தடிக்கு வந்தவர்கள் நாய்களின் பல்லைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. தாடியாருக்கு அது புரிந்தது. ஒரு காலைக் கீழே நீட்டினார். பயந்துபோய் இழுத்துக்கொண்டார்.

கருவாயன் மெதுவாக நடந்துபோய்ப் பாறைக்குக் கீழே குறுக்காக நின்றது.

“என் முதுகுல கால் வைங்க பெரியவரே!”

“அவருக்கு எதுக்கு அண்ணே முதுகைக் குடுக்கறீங்க!” என்று கொம்பி சீறினாள்.

“முட்டி வலி எனக்குத் தெரியும் தாயி” என்றது கருவாயன்.

தாடியார் அந்த முதுகில் கால் வைத்து இறங்கினார். மன்னிப்புக் கேட்டாரா? கேட்கவில்லை. அவர் மாதிரி ஆட்கள் எங்கே கேட்கப் போகிறார்கள்! தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு கருவாயனைத் திருப்பி அனுப்பும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. கொம்பியையும் யாரும் போகச் சொல்லவில்லை.

அவளுக்குக் கோபம் தீர்ந்ததா? அதுவும் இல்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அத்திமரத்தடிக்குப் போய் நின்றாள்.

“இனிமே நாய்க்கு முடிச்சுப் போடாத அக்கா! குறட்டை பிடிக்காதது முயலோட குறை. நரை பிடிக்காதது மயிலோட குறை. அதை ஏன் நாய் கழுத்துல தொங்க விடற? கைவிட்டவங்க கழுத்துல கட்டு!”

மூக்காயி காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு யோசித்தாள். “இத்தனை வருஷமா எனக்கு ஏன் இது தோணல?” என்று வருத்தத்தோடு கேட்டாள்.

அப்போது ஒரு செம்மறிக் கிடா உள்ளே வந்தது.

“மூக்காயி! நாங்க பழைய மேய்ச்சலுக்கே திரும்பி வந்துட்டோம். ஒரு நல்ல நாய்க்குட்டி வேணும்!”

“உங்ககிட்டதான் ஒரு நாய் இருந்துச்சே?”

“அதுவா! கிழடாயிடுச்சு. விட்டுட்டுப் போயிட்டோம்!”

மூக்காயி கொம்பியைப் பார்த்தாள். கொம்பி கொம்பைத் தாழ்த்தினாள். மூக்காயி ஒரு கொடியை எடுத்துச் செம்மறிக் கிடாவின் கழுத்தில் சுற்றி, இறுக்கமாக ஒரு முடிச்சைப் போட்டாள்.

“என்ன இது? இது எதுக்கு எனக்கு?” என்று கிடா அலறியது.

“பத்து வருஷம் காவல் காத்தவனை நடுவழியில விட்டதுக்கு! இன்னும் மூணு விழுந்தா அக்கரைதான். குட்டி கிடையாது, போ!”

செம்மறிக் கிடா கொடியும் முடிச்சுமாக, காடே பார்க்க ஓடியது. அன்றிலிருந்து அத்திமரத்தடிக்கு வருகிறவர்கள், நாயின் பல்லைப் பார்ப்பதற்கு முன் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

கொம்பி பாறைமேட்டுக்குத் திரும்பினாள். முள்வேலி வாசல் காலியாக இருந்தது. யாராவது விரட்டிவிட்டார்களா? தானாகவே கிளம்பிவிட்டதா? கொம்பைச் சிலுப்பிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பட்டியின் நட்டநடுவில், நன்றாகக் காய்ந்த சருகின்மேல், கருவாயன் கால்களை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் குழி சுத்தமாகக் காலியாகியிருந்தது. வயிற்றின்மேல் இரண்டு குட்டி ஆடுகள் சாய்ந்திருந்தன. முயல் வீட்டில் முதல் முடிச்சை வாங்கித் தந்த அந்தக் குறட்டை, பாறைமேடு முழுக்கக் கேட்டது.

உழைத்து ஓய்ந்தவரைப் பயனில்லை என்று வெளியே தள்ளுகிறவர், தனக்கு வரப்போகும் முதுமைக்கும் சேர்த்தே கதவைச் சாத்துகிறார்.