ஆற்றில் விடாத ஏடுகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காடு என்கிற நாட்டை வீரகண்டன் என்கிற ராஜா ஆண்டான். வீரம் பெயரில்தான். ஒரு போருக்கும் போனதில்லை. ஆனால் போர்ப்பாட்டு என்றால் உயிர். சாப்பிடும்போது ஒன்று, தூங்கப் போகும்போது ஒன்று. வேறு எதைப் படித்தாலும் கொட்டாவி வரும் என்பான். படிக்காமலே அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ராஜாவாயிற்றே.

அந்தப் பாட்டுகளை எழுதித் தள்ளியவர் அரசவைப் புலவர் கோடனார். அவருக்கு அமைச்சர் ஆதனைக் கண்டாலே ஆகாது. ஆதன் எதையும் விடாமல் படிக்கிற ஆள். மாட்டு வைத்தியம், சமையல், திருட்டுக் கதை, காதல் பாட்டு, கையில் எது அகப்பட்டாலும் சரி. அதனால் சபையில் யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். கோடனாருக்கு வயிறு எரிந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓலைச்சுவடி பழசாகிவிட்டால் புது ஓலையில் நகல் எடுப்பார்கள். பழசை ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விடுவார்கள். கோடனார் இதைப் பிடித்துக்கொண்டார்.

"அரசே, ஏட்டறை முழுக்கக் குப்பை. போர்ப்பாட்டை மட்டும் நகல் எடுத்தாயிற்று. மற்றதை அப்படியே ஆற்றில் விட்டுவிடலாம். வீரனுக்கு எதற்கு மாட்டு வைத்தியம்?"

"சரிதான். நாளைக்குத்தானே ஆடிப்பெருக்கு, விட்டுவிடும்" என்றான் ராஜா.

ஆதன் பதறிப்போனார். நகல் இல்லாமல் ஆற்றோடு போனால் போனதுதான். வேறு எங்கேயும் பிரதி கிடையாது.

"அரசே, ஒரே ஒரு சந்தேகம். உங்களுக்கு ரொம்பப் பிடித்த போர்ப்பாட்டைப் புலவர் பாடட்டும். அந்தச் சந்தேகத்தை அவரே தீர்த்துவைத்தால் ஏடுகளை நானே சுமந்துபோய் ஆற்றில் விடுகிறேன்."

கோடனார் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். ராஜாவின் பாட்டனார் கல்மேட்டுக் கோட்டையை வளைத்த கதை. பாட்டனார் மீசையை முறுக்கினார், எதிரிகள் நடுங்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள். ராஜா தொடையில் தட்டி ரசித்தான்.

"மீசையைப் பார்த்தா கதவைத் திறந்தார்கள்?" என்றார் ஆதன்.

"பின்னே? உம் மூஞ்சியைப் பார்த்தா?" என்றார் கோடனார். சபை சிரித்தது.

ஆதன் ஏட்டறையிலிருந்து ஒரு சுவடியை எடுத்துவரச் சொன்னார். கல்மேட்டுச் சமையல் ஏடு அது. பிரித்துப் படித்தார். "முற்றுகை நாளில் குழம்பு வைக்கும் விதம். உப்பு இல்லாததால் வாழைமட்டையைச் சுட்டுச் சாம்பலைக் கரைத்து ஊற்றுக."

ராஜா முகத்தைச் சுளித்தான். "சாம்பலையா? உப்பு என்ன ஆயிற்று?"

"அது இதில் இல்லை. மாட்டு வைத்தியத்தில் இருக்கிறது."

"எடும்!"

மாட்டு வைத்திய ஏட்டில், கல்மேட்டுப் பக்கம் உப்பு வண்டி இழுக்கிற மாடெல்லாம் கோமாரி வந்து படுத்துவிட்டதாக ஒரு வைத்தியர் புலம்பியிருந்தார்.

"அப்புறம்? உப்பு வந்ததா, இல்லையா?" ராஜா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான்.

"உலக்கைப் பாட்டில் வருகிறது, அரசே. கல்மேட்டுப் பெண்கள் நெல் குத்தும்போது பாடியது."

"பொம்பளைகள் பாட்டு சபையிலா?" என்று கோடனார் எழுந்தார்.

"உட்காரும் ஓய்! நீர் பாடும்போது நான் இப்படிக் கத்தினேனா?" என்றான் ராஜா.

ஆதன் படித்தார்:

"சாம்பல் தின்ன நாக்குக்குச்
சட்டி நிறைய உப்பு தந்தான்,
வேலைக் கீழே போட்டு வந்தான்,
மீசை இல்லா ராசாவே."

ராஜாவின் பாட்டனாருக்கு மீசை இல்லையாம்! கோடனார் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. "அரசே, இது ராஜநிந்தை! ஏட்டோடு சேர்த்து இந்த ஆளையும் ஆற்றில் தள்ள வேண்டும்!"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீரகண்டனுக்கும் மீசை முளைக்காது. தினமும் மையால் வரைந்துகொள்வான். ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் போர்ப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் பாட்டனுக்குத் தப்பிப் பிறந்துவிட்டோம் என்று உள்ளுக்குள் குறுகிப்போவான்.

ராஜா மெதுவாகக் கேட்டான். "கோடனாரே, மீசையை நீர் எங்கே பார்த்தீர்?"

"வீரன் என்றால் மீசை இருக்குமே, அரசே... அதனால் நானாக..."

"அப்போ நான்?"



ராஜா மேல்துண்டால் உதட்டுக்கு மேலே அழுத்தித் துடைத்தான். மை போய்விட்டது. "ஒரு ஆளைக்கூடக் கொல்லாமல், உப்பைக் கொடுத்துக் கோட்டையை வாங்கியிருக்கிறார் என் பாட்டனார். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மீசையில் மறைத்துவிட்டீரே! அந்தப் போர்ப்பாட்டைத் தூக்கி ஆற்றில் போடுங்கள்!"

"வேண்டாம், அரசே" என்றார் ஆதன். "அது இல்லாவிட்டால் கதவு ஏன் திறந்தது என்கிற கேள்வியே நமக்கு வந்திருக்காது. அதுவும் இருக்கட்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி ஆதன் கழுத்தில் போட்டான். கோடனாருக்கு வேறு பரிசு. ஏட்டறையில் உள்ள அத்தனையையும் அவரே உட்கார்ந்து நகல் எடுக்க வேண்டும்.

கோடனார் முனகிக்கொண்டே எழுத்தாணியைப் பிடித்தார். கொஞ்ச நாளில் முனகல் நின்றது. ஒரு மத்தியானம் தலைப்பாகைகூடக் கட்டாமல் சபைக்கு ஓடிவந்தார்.

"அமைச்சரே, அந்தத் திருட்டுக் கதையில் கடைசி ஏட்டைக் காணோம்! கிணற்றுக்குள் இறங்கியவன் தப்பித்தானா, மாட்டிக்கொண்டானா?"

"அதைக் கரையான் தின்றுவிட்டது, புலவரே. நானும் அதுவரைதான் படித்திருக்கிறேன்."

"ஐயையோ!" இது ராஜா. அவனும் அந்தக் கதையில் பாதியில் இருந்தான். "கோடனாரே, மீதியை நீரே எழுதும்!"

எழுதினார். அதில் ஒரு வாள்கூட வரவில்லை. அவர் எழுதியதிலேயே அது ஒன்றைத்தான் ஊரில் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.