நிறம் போன குடுவை

மனித இதயம் துடிப்பதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? கோவையில் செல் வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் நான் பார்த்தேன். மார்புமில்லை, மனிதருமில்லை. உள்ளங்கையளவு தட்டில், இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில், இதயச் செல்கள் தம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தன. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நாற்பது நாள் கண்ணும் கருத்துமாக அவற்றை வளர்த்தவள் ஹபீபா. மொத்தம் எட்டுத் தட்டுகள். அவற்றை வைத்துத்தான் என் புதிர்.

அங்கே மூன்று பேருக்கு ஒரே ஹூட். வடிகட்டிய காற்று வீசும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியது ஊற்றுவார்கள். உறிஞ்சிய கழிவெல்லாம் ஒரே குடுவையில் சேரும். கிருமி சாக அதில் பிளீச் ஊற்றி அரை மணி நேரம் வைத்த பிறகே சிங்கில் கொட்டலாம். பிளீச் பட்டதும் சிவப்பு மறைந்து தெளிந்துவிடும்.

அன்று ஒன்பதரைக்கு இருதயராஜ் தன் வேலையை முடித்துக் குடுவையில் பிளீச் ஊற்றினார். நிறம் போயிற்று. அரை மணி நேரம் காத்திருந்தவர், கொட்டாமலும் சீட்டு எழுதி ஒட்டாமலும் கூட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்து வந்த நப்பின்னை வளர்ப்பது வைரஸ் ஏற்றிய செல்கள். பதினொன்றுக்கு ஹபீபா வந்தபோது, இனி உறிஞ்சினால் உறிஞ்சும் பம்புக்குள்ளேயே ஏறிவிடும் என்ற அளவுக்குக் குடுவையில் திரவம் நின்றது. மாற்றுக் குடுவையோ போன வாரமே உடைந்திருந்தது. பன்னிரண்டுக்கு ஹூட்டைப் பழுதுபார்க்க நிறுத்திவிடுவார்கள், மறுநாள்தான் ஓடும். அதற்குள் திரவம் மாற்றாத தட்டில் துடிப்பு நின்றுபோகும். எட்டுத் தட்டுகளுக்கும் மாற்ற முழுதாக ஒரு மணி நேரம் வேண்டும்.

"இருதயராஜ் சார் காலையிலேயே பிளீச் ஊத்திட்டாரு. தண்ணி மாதிரி தெளிஞ்சிருக்கு, வாடையும் அடிக்குது. கொட்டிட்டு வேலையைப் பாரு ஹபீபா" என்றாள் நப்பின்னை.

"அவர் ஊத்தினதுக்கு அப்புறம் நீங்க எதுவும் உறிஞ்சினீங்களாக்கா?"

"கொஞ்சம் உறிஞ்சினேன். மைக்ராஸ்கோப்புல படம் எடுக்கறதுக்காக நான் நிறமில்லாத திரவம்தானே வச்சிருக்கேன்."

ஹபீபா கொட்டவில்லை. புது பிளீச் ஊற்றி, நேரம் எழுதி ஒட்டிவிட்டு, கடிகாரத்தையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு அடித்தபோது நான்கு தட்டுகள்தான் முடிந்திருந்தன.

இருதயராஜ், நப்பின்னை, ஹபீபா. இதில் யார் செய்தது சரி? சொல்லுங்கள், பார்க்கலாம்.

விடை: ஹபீபா செய்ததே சரி. நிறம் போனது இருதயராஜின் கழிவுக்கு மட்டுமே சாட்சி. நப்பின்னையின் திரவத்தில் போவதற்கு நிறமே இல்லை; அதிலிருந்த வைரஸ் செத்ததா என்பதைத் தெளிவை வைத்துச் சொல்ல முடியாது. காலையில் ஊற்றிய பிளீச்சில் எவ்வளவு வீரியம் மிச்சம் என்பதை வாடை சொல்லாது. இருதயராஜ் அரை மணி நேரம் பொறுத்தது சரிதான், எழுதாமல் போனது தவறு. மறுநாள் நான்கு தட்டுகள் துடித்தன, நான்கு அடங்கிவிட்டன. அடங்கிய நான்கிலும் ஹபீபாவே பிளீச் ஊற்றினாள். சிவப்பு உடனே மறைந்தது. அப்போதும் அவள் அரை மணி நேரம் காத்திருந்துதான் கொட்டினாள்.