இல்லை என்ற பதில்

"மெமரி இல்லைன்னு பதில் வந்துட்டா என்னங்க மேடம் பண்றது?"

கேட்டவர் நாச்சிமுத்து. பஞ்சாலை மூடியபின், ஐம்பது வயதில் சி என்ற கணினி மொழி கற்க வந்தவர். குரு தில்ஷாத் அவரைவிட இளையவர்.

மேசைமேல் இருந்தது, குழந்தைகளுக்கு இதய மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. உள்ளே இருப்பது நாச்சிமுத்து எழுதிய நிரல். சொட்டுகளைக் கணக்கு வைக்க, ஓடும்போதே அது பம்பிடம் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகம், அதாவது மெமரி, கேட்டு வாங்கும். இதுவரை கேட்டுக் கிடைக்காமல் போனதில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இல்லைன்னு வந்தா உங்க நிரல் என்ன செய்யும்ணா?"

"சிவப்பு லைட் எரியுமுங்க."

"மருந்து?"

"நின்னுடும்."

"குழந்தை?"

நாச்சிமுத்து பம்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"அப்ப நிறுத்தாம ஓட்டிடலாமுங்களா?"

"எத்தனை சொட்டு போச்சுன்னு தெரியாமலா?"

முன்னே போனால் முட்டுது, பின்னே வந்தால் உதைக்குது என்பார்களே, அந்த நிலைமை.

"வேற வழியே இல்லீங்களா?"

தில்ஷாத் பம்பில் அதே இதய மருந்தை நிரப்பினார். கணினியில் ஒரு வரியைத் தட்டிப் பம்புக்கு ஏற்றினார்.

"இப்ப ஏதோ ஒரு சொட்டுல உங்க நிரலுக்கு இல்லைன்னு பதில் வரும். எந்தச் சொட்டுலன்னு எனக்கே தெரியாது."

சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பம்புக் குழாயின் முனையில் இருந்த ஊசியைத் தன் முழங்கை மடிப்பில் வைத்தார்.

"ஸ்விட்சைப் போடுங்கண்ணா."

"விளையாடாதீங்க மேடம். எனக்குப் பயமா இருக்குது."

"நாளைக்கு அந்தக் குழந்தைக்குப் பயப்படவும் தெரியாது."

ஊசி முனை தோலை அழுத்தியது. இன்னும் உள்ளே இறங்கவில்லை. ஸ்விட்சுக்குப் போன நாச்சிமுத்துவின் கை பாதியில் நின்றது. அவர் ஊசியைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், மறுபடி ஊசியைப் பார்த்தார்.

"எடுங்க மேடம். ஊசியை எடுத்துடுங்க."

"எதுக்கு?"

"கடைசிச் சொட்டு வரைக்கும் வேண்டிய மெமரியை இப்பவே மொத்தமாக் கேட்டுடறேனுங்க."

"இல்லைன்னு சொல்லிட்டா?"

"குழந்தைக்கு மாட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுமுங்க. பம்ப் கிளம்பவே கிளம்பாதுங்க."