விக்கி விக்கி நின்ற மடத்துக் கார்

மடத்துக் காருக்கு டிரைவர் என்று தனியாக யாரும் கிடையாது. நாச்சிமுத்து என்று ஒரு சீடர் இருந்தார்.

திருச்செங்கோட்டில் பட்டறை வைத்திருந்தவர். பேரன் பிறந்ததும் பட்டறையை மூடிவிட்டு, ஸ்பேனர்களை மட்டும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவுக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். அதனால் குரு அவரை அண்ணா என்பார். அவர் குருவைச் சாமி என்பார். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

கார்தான் ஒத்துப்போகவில்லை.

கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். ஏழெட்டு மைல் போனதும் விக்கும். அப்புறம் இருமும். அப்புறம் நின்றுவிடும். நாச்சிமுத்து இறங்கி, பானெட்டைத் தூக்கி, என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்பரேட்டரைக் கழற்றுவார். அதில் பெட்ரோல் வருகிற பொடித் துளை, ஜெட்டை, எடுத்து ஊதுவார். உள்ளே மிதக்கிற பித்தளைக் குண்டைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். சாமியின் காவித் துண்டை வாங்கி எல்லாவற்றையும் துடைத்து மாட்டுவார். சாவியைத் திருப்பினால் கார் ஓடும்.

"பாத்தீங்களா சாமி, கை வச்சதும் ஓடுது!"

மறுபடி ஏழெட்டு மைல். மறுபடி விக்கல்.

சாமி பூஜைக்கு உட்கார்ந்தால் பெட்ரோல் வாசனை வரும். சூடம் ஏற்றுகிற பையன்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள்.

போன மாதம் கார் வழியில் நின்றுபோய், ஒரு கல்யாணத்துக்குச் சாமி வாழைத்தார் ஏற்றிய டெம்போவில் போய் இறங்கினார். பெண் வீட்டார் நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டார்கள். மடத்து மணியக்காரர் அர்த்தநாரி சந்தோஷப்படவில்லை.

"நாளைக்குக் கும்பாபிஷேகம்," என்றார் நாச்சிமுத்துவிடம். "நான் முன்னாடியே பஸ்ல போயிருவேன். நீங்க சாமியக் கூட்டிட்டு வாங்க. வழியில ஒருக்கா நின்னாலும் சரி, சாயங்காலம் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுருவேன்."

"என்னையவுங்களா?"

"காரை!"

"கார் போயிட்டா எனக்கு இங்க என்ன வேலைங்க?"

"ஊட்டுக்குப் போய்ப் பேரனோட வெளையாடுங்க."

நாச்சிமுத்து நேராகக் குருவிடம் போனார். நின்றார். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சாமி, எனக்குத் தேவாரம் வாய்ல நிக்காது. தியானத்துல உக்காந்தாக் குறட்டை உட்டுடறேன்."

"கேட்டிருக்கேனுங்க அண்ணா."

"உங்க பக்கத்துல இருக்கறதுக்கு எனக்குன்னு இருக்கறது இந்தக் கார் ஒண்ணுதானுங்க. அதும் போச்சுன்னா எந்த மொகத்தோட இருக்கறது?"

"காலையில நேரத்துல கெளம்பிரலாம்," என்றார் குரு.

நேரத்தில்தான் கிளம்பினார்கள். சங்ககிரி தாண்டி, ஒரு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கார் விக்கியது. நாச்சிமுத்து ஸ்டீரிங்கைத் தட்டிக் கொடுத்தார். இருமியது. கெஞ்சினார். நின்றுவிட்டது.

பைக்கில் போன ஒருவர் நிறுத்தினார். "கார்பரேட்டருங்க. ஜெட் அடைப்பு."

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் நாச்சிமுத்து.

"சோக்கை இழுத்துப் பாருங்க."

"நீங்க உங்க ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பாருங்க!"

அவர் போய்விட்டார். நாச்சிமுத்து ஸ்பேனரை எடுத்தார்.

"அண்ணா, கழட்டி மாட்ட எவ்வளவு நேரம் ஆகுமுங்க?" என்று கேட்டார் சாமி.

"கால் மணி நேரமுங்க."

"கழட்டாம அதே கால் மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா?"

"சும்மா உக்காந்திருந்தா எப்படீங்க ஓடும்?" நாச்சிமுத்துவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப நான் இத்தன நாள் செஞ்சது வேலை இல்லீங்களா?"

"ஒரு நாளாச்சும் சும்மா உக்காந்து பாத்தீங்களா?"

"அதெப்படீங்க மனசு வரும்?" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாமி, வெளையாட நேரமில்லீங்க. கோளாறு எங்கன்னு தெரிஞ்சாச் சொல்லிப்போடுங்க."

"எனக்குக் கார் தெரியாதுங்களே."

சாமி போய் பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். குழந்தை பால் பாட்டிலை இழுத்து இழுத்து உறிஞ்சியது. நிறுத்தியது. வீறிட்டது. மறுபடி உறிஞ்சியது, மறுபடி வீறிட்டது.

"குடிச்சுத் தொலையேன்டி. உங்கொப்பனாட்டமே அடம்," என்றாள் அம்மா.

"ஏனுங்க அம்மிணி, பால் புடிக்கலீங்களா?" என்று கேட்டார் சாமி.

"புடிக்குதுங்க சாமி. நாலு வாய் வருது, அப்புறம் வர மாட்டீங்குது."

அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். ரப்பர் காம்பு சப்பையாக ஒட்டிக் கிடந்தது. மூடியை அரைச் சுற்று தளர்த்தினாள். பாட்டிலுக்குள் குபுகுபுவென்று குமிழி ஏறியது. காம்பு நிமிர்ந்துகொண்டது. குழந்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.

"என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. உள்ள காத்து போனாத்தானே பால் வெளிய வரும்? சிந்தீரப் போகுதேன்னு நான்தான் ரொம்ப இறுக்கிப்போட்டேன்."

சாமி திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தார். 

நாச்சிமுத்து ஸ்பேனரோடு நின்றவர் நின்றபடியே பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்பரேட்டரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் காரின் பின்பக்கம் நடந்தார்.

பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் சந்தனம் அடை மாதிரி அப்பியிருந்தது. காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதன் நடுவில் எட்டணாக் காசு அகலத்துக்குக் குங்குமம். மூடியில் காற்று போக ஒரு பொடி ஓட்டை உண்டு. பட்டறைக்கு வந்த எத்தனையோ பேருக்கு அவரே காட்டிக் கொடுத்த ஓட்டை. இப்போது அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

மூடியைத் திருகினார். புஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. இத்தனை நாளும் அவர் கழற்றி மாட்டுகிற கால் மணி நேரத்தில் அது தானாகவே கசிந்து உள்ளே போயிருக்கிறது.

"சாமி," என்றார். 

"சொல்லுங்க அண்ணா."

"வெள்ளிக்கெழம தவறாம நான்தானுங்க வச்சேன். இது திங்கற வாயாச்சே, இங்கதானே மொதல்ல பொட்டு வைக்கோணும்னு. அப்பறம் வண்டி நிக்க ஆரம்பிச்சுதுங்களா, பூஜை பத்தலையாட்ட இருக்குதுன்னு..."

"இருக்குதுன்னு?"

"இன்னுங் கொஞ்சம் கெட்டியா வச்சேனுங்க."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் குலுங்கியதில் குழந்தை காம்பை விட்டுவிட்டு அம்மாவை முறைத்தது.

"அட என்னுங்க பெரியவரே! நின்னா சந்தனம் வப்பீங்க, சந்தனம் வச்சா அது நிக்கும், அப்படித்தானுங்களா? பாவமுங்க அந்தக் காரு. வாய் இருந்தா என் புள்ளையாட்டம் கத்தியிருக்கும்."

நாச்சிமுத்து சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். பெயர்ந்து வந்தது. ஓட்டைக்குள் இருந்தது மட்டும் வரவில்லை. அவள் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள். அவர் மூடியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் குத்தினார். ஊசி முனை அகலத்துக்கு வானம் தெரிந்தது.

சாவியைத் திருப்பினார். கார்பரேட்டரில் கை வைக்காமலே கார் கிளம்பியது. அவருக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"நானும் கும்பாபிஷேகத்துக்குத்தானுங்க," என்று அவள் குழந்தையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் நாச்சிமுத்து விக்கல் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினார். வழக்கமாக விக்குகிற தூரம் கடந்தது. ஒரு மேடு வந்தது, ஏறியது. பின்சீட்டில் ஒரே ஒரு ஏப்பம் கேட்டது. அது குழந்தை.

கோயில் வாசலில் மேளம் இன்னும் தொடங்கவில்லை. அர்த்தநாரி கடிகாரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நம்பாமல் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லையே! வழியில எங்கீம் நிக்கலதானுங்களே?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். நிற்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. கார் இருக்கும். அவரும் இருப்பார். நின்றதைப் பார்த்தவர்களில் இங்கே இருப்பது சாமியும் அந்தப் பெண்ணும்தான். அவள் குழந்தைக்கு வாய் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள். சாமி கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுதுங்க," என்றார் நாச்சிமுத்து.

"அதானே பாத்தேன். மறுபடியும் கார்பரேட்டரா?"

"இல்லீங்க. அதுமேல தப்பே இல்லீங்க."

"பின்ன என்ன கோளாறு?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் நகத்திடுக்கில் சந்தனம் மஞ்சளாக இருந்தது.

"பக்திங்க," என்றார் சாமி.

"என்னது?"

"கொஞ்சம் கெட்டியா அப்பிட்டுது."

அர்த்தநாரி அப்படி ஒரு கோளாற்றைக் கேள்விப்பட்டதில்லை. காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப சாயங்காலம் இரும்புக்காரனை வரச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க," என்றார் சாமி, நாச்சிமுத்துவின் தோளில் கை வைத்தபடி. "துடைச்சாப் போயிரும். வண்டி நல்ல வண்டி."