கீழ்வீட்டைப் பூட்டியது யார்?

"எனக்கொன்றும் இல்லை, மற்றவர்கள்தான் ஒப்பமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு நல்ல பெயரோடு நடமாடும் ஆளே, உன்னைத்தான் சொல்கிறேன்! பெயரைச் சொல்லப் போவதில்லை. கதையைக் கேள், தன்னால் சுடும்.

திருப்பூரில் வீட்டுத் தரகு பார்க்கும் ரத்தினாத்தாளுக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் குறைவு. அவளிடம் வந்தான் ஒபின்னா. நைஜீரியாக்காரன், ஆறு வருஷமாக இங்கே பனியன் வாங்கித் தன் நாட்டுக்கு அனுப்புகிறவன். வெள்ளிக்கிழமை அவன் மனைவி எட்டு மாதக் குழந்தையோடு வந்து இறங்குகிறாள். அவன் தங்கியிருக்கும் லாட்ஜில் குடும்பத்துக்கு இடமில்லை.

"அக்கா, ஒரு வீடு வேணுங்க" என்றான், அசல் கொங்குத் தமிழில். வெளிநாட்டுக்காரர்களுக்குப் போலீஸ் தரும் பதிவுச் சீட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

வீடு இருந்தது. மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த கீழ்வீடு. ரத்தினாத்தாள் அடுத்த வீட்டிலேயே இருந்த வீட்டுக்காரரிடம் போனாள்.

"எனக்கென்ன அம்மிணி, நானே அந்த நாட்டுக்காரங்களுக்குத்தான் பனியன் தெச்சுக் குடுக்கறேன். மாடியில குடியிருக்கிற தெய்வானைதான் பயந்துக்கும்."

மாடிப்படி ஏறினாள். "ஐயோ, எனக்கென்ன பயம்? காலனிச் சங்கச் செயலாளர் விடமாட்டாருங்கக்கா" என்றாள் தெய்வானை.

செயலாளர் சம்பந்தத்தின் வீட்டுக்கு ஓடினாள். "சங்கத்துல அப்படி ஒரு விதியே இல்லையேம்மா! வீட்டுக்காரருக்குப் பிடிக்காதேன்னுதான் பார்க்கறேன்."

ரத்தினாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னையப் பம்பரமாச் சுத்த விடறீங்களா? மூணு பேரும் வாங்க இங்க!" தெருவே கேட்கக் கத்தி, மூவரையும் பூட்டிய கதவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒபின்னாவும் பக்கத்தில் நின்றான்.

"இப்பச் சொல்லுங்க. யாருக்கு ஆகாது?"

"நான் எப்பப் பயம்னு சொன்னேன்?" தெய்வானை வீட்டுக்காரரை முறைத்தாள்.

"நான் யாரைத் தடுத்தேன்?" சம்பந்தம் தெய்வானையை முறைத்தார்.

"எனக்கும் ஒண்ணுமில்லீங்க" என்றார் வீட்டுக்காரர்.

"அப்புறமென்ன, சாவியக் குடுங்க!" ரத்தினாத்தாள் கையை நீட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

வீட்டுக்காரர் சாவியை மடியில் செருகிக்கொண்டார். "பார்க்கலாமுங்க." மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

ஒபின்னா மெதுவாகச் சொன்னான்: "அக்கா, வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலீங்க. வரட்டும்னும் ஒருத்தரும் சொல்லலீங்க."

கதை கேட்டவர்களே, சொல்லுங்கள்: ஒருவரும் மறுக்காத அந்த வீட்டைப் பூட்டி வைத்தது யார்?

விடை: மூவரும் என்றால் பாதிதான் சரி. தெய்வானையும் சம்பந்தமும் 'வரட்டும்' என்ற ஒரே சொல்லை விழுங்கியவர்கள்; அந்தக் குற்றம் அவர்களுடையது. ஆனால் மாடியும் தடையில்லை, சங்கமும் தடையில்லை என்று நேருக்கு நேர் தெரிந்த பிறகும் சாவியை மறைத்தவர் வீட்டுக்காரர் ஒருவரே. தெய்வானையின் பயம் என்று அவர் சொன்னது அவருடைய பயம். வேறு நிறத்தானிடம் வியாபாரம் செய்யலாம், அடுத்த சுவருக்குள் வாழவிட மனம் வரவில்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கம். வெறுப்பு இப்படித்தான் இரவல் முகம் மாட்டிக்கொண்டு திரிகிறது.

ஆகவே, சாவி வைத்திருக்கும் மனுஷா! வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. சாவியைத் தரகரிடம் கொடுத்தனுப்பாதே. நீயே போய், ஒபின்னாவின் முகத்தைப் பார்த்து, "குடும்பத்தோட வாங்க" என்று உன் வாயால் சொல்!