ஒற்றை விரல் ஊர்வலம்

முன்னொரு காலத்தில், எதையும் பெரிதாக வைத்துக்கொள்ளும் பித்துப் பிடித்த மன்னன் ஒருவன் இருந்தான். அவன் குடை பெரிது, மீசை பெரிது. தன் தலைநகரத்தின் தெருப் பள்ளிகளை எல்லாம் சேர்த்து ஒரே பெரும்பள்ளி என்று பெயர் சூட்டி, அத்தனைக்கும் அகோரமூர்த்தி என்பவரைத் தனி அதிகாரியாக்கிவிட்டான்.

அரசவை விகடகவி சொக்கட்டானின் வீடு, நகரத்தின் கடைக்கோடியில் சுண்ணாம்புக்காளவாய்த் தெருவில் இருந்தது. அந்தத் தெருப் பள்ளிக்கூரை போன மழையிலிருந்தே ஒழுகிற்று. ஓடு மாற்ற அதிகாரியின் உத்தரவு வேண்டும், அது வந்தபாடில்லை. அடுத்த வீட்டுச் செம்பாயி தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டுதான் பாடம் படித்தாள்.

"இந்த மழைக்கும் ஒழுகுச்சுன்னா பொண்ணை நிறுத்திடுவேன் அண்ணே" என்றாள் அவள் அம்மா. செம்பாயி முறத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த சொக்கட்டானுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அரசவையில் எழுந்து நின்றான். "பிரபு, பெரும்பள்ளியைச் சிறு பள்ளிகளாகப் பிரித்துவிடுங்கள். அந்தந்தத் தெருவின் பள்ளியை அந்தந்தத் தெருவே பார்த்துக்கொள்ளட்டும்."

அகோரமூர்த்திக்குச் சுருக்கென்றது. மன்னன் சொக்கட்டானின் சொல்லுக்குச் சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். "பிரபு, என் சொல் இல்லாமல் எந்தப் பள்ளியிலும் ஒரு துரும்புகூட அசையாது. இந்தக் கட்டுக்கோப்பை ஒரு கோமாளியின் பேச்சுக்காக உடைப்பதா?"

மன்னனுக்குக் குறும்பு தலைக்கேறியது. "சொக்கட்டான்! அகோரமூர்த்தியே கைகூப்பிக் கேட்டால் பிரிக்கிறேன். பௌர்ணமிக்குள் அவர் கேட்காவிட்டால், நீர் பாதி மீசையோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். சம்மதமா?"

அவை கொல்லென்று சிரித்தது. சொக்கட்டான் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சம்மதம் பிரபு. அதுவரை அதிகாரியின் பெருமை குறையக் கூடாது. பள்ளியில் எந்த அனுமதியானாலும் அவர்தான் தர வேண்டும் என்று முரசறையச் சொல்லுங்கள்."

அகோரமூர்த்தி பூரித்துப்போனார். "அதோடு, கேட்பவர் என் முன் நேரில் வந்து கேட்க வேண்டும். மீறி அனுமதி தரும் ஆசிரியருக்குச் சிறை! இதையும் சேர்த்து அறையுங்கள்."

அப்படியே முரசறைந்தார்கள்.

மறுநாள் காலை அகோரமூர்த்தி பொங்கலில் நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பொடியன் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"ஐயா, ஒண்ணுக்கு."

"போடா, போ!"

அவன் போனான். இன்னொருவன் வந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். பொங்கல் ஆறிப்போயிற்று. எட்டிப் பார்த்தால் தெருக்கோடி வரை பிள்ளைகள், அத்தனை பேரும் விரலைத் தூக்கியபடி! சிலர் இரட்டை விரல். சொக்கட்டான் நடுவில் நின்றுகொண்டு, "தள்ளாதீங்க, வரிசையா வாங்க. ரெட்டை விரலெல்லாம் முன்னாடி வா!" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

"உங்க வாத்தியாரைக் கேட்டுத் தொலைங்களேன்!" என்று அலறினார் அகோரமூர்த்தி.

"அவரு சரின்னா அவரைச் சிறையில போட்டுருவாங்களாம். முரசு அடிச்சாங்களே!"

"சரி, எல்லாரும் போங்க! எப்ப வேணும்னாலும் போங்க!"

சொக்கட்டான் பணிவாகக் குனிந்தான். "அதிகாரி அவர்களே, இப்போது ஒன்றுக்கு வராத பிள்ளைக்கு நீங்கள் அனுமதி தர முடியாதே. வந்த பிறகு அவன் நேரில் வந்தல்லவா கேட்க வேண்டும்? தங்கள் வார்த்தைதானே!"

செம்பாயியின் முறை வந்தது.

"நீ காலையிலேயே வந்தவள்தானே?"

"ஆமாய்யா. எங்க தெரு தூரம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்றதுக்குள்ள மறுபடி வந்துடுச்சு."

பின்வரிசைச் சிறுவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அதிகாரி ஆசையாக வளர்த்த மல்லிகைப் பந்தலுக்கு அன்று தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மூன்றாம் நாள் அகோரமூர்த்தி அவிழ்ந்த தலைப்பாகையோடு அரண்மனைக்கு ஓடினார். பின்னாலேயே பிள்ளைகளும் ஓடினார்கள். மன்னன் முன் விழுந்து இரு கைகளையும் கூப்பினார்.

"பிரபு, பிரித்துவிடுங்கள்! தெருவுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள்! என் வீட்டு வாசலில் கால் வைக்க முடியவில்லை!"

நடந்ததைக் கேட்ட மன்னன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பெரும்பள்ளியை அப்போதே பிரித்தான். தன் கழுத்து முத்துமாலையைச் சொக்கட்டானுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேளும்!" என்றான்.

"சுண்ணாம்புக்காளவாய்த் தெருப் பள்ளிக்கு ஓடு பிரபு. இன்றைக்கே. கிழக்கே மேகம் கறுத்திருக்கிறது."

"பொழுது சாயுமுன் ஓடு போடுங்கள்!" என்ற மன்னன், கூட்டத்தில் முறத்தோடு நின்ற செம்பாயியைப் பார்த்தான். "அந்த முறம் இனி எதற்கு, குழந்தாய்?"

"அரிசி புடைக்க" என்றாள் செம்பாயி. பிறகு தயங்கித் தயங்கி ஒற்றை விரலைத் தூக்கினாள்.

மன்னன் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அவனே சிம்மாசனத்திலிருந்து எழுந்து ஒற்றை விரலைத் தூக்கிவிட்டான்.

"பிரபு, ஓடுங்கள்" என்றான் சொக்கட்டான். "இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை."